றிவேர்ஸ் மாமாவுக்கு நான் பூட்டிய எஞ்சின்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மலைகளில் ஏறியிருக்கிறார்கள். கயிறு கட்டி ஏறியிருக்கிறார்கள், உச்சியில் கொடி நட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பதற்காக ஒரு மலையை முப்பது வருடம் பின்பக்கமாகவே ஏறிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் றிவேர்ஸ் மாமா.

பிள்ளைகளே, மலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர்ஸ் ஹில்லை மலை என்று சொன்னால் நுவரெலியாவில் இருக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். துறைமுகப் பக்கத்தில் இருந்து ஒரு தெரு மெல்ல வளைந்து மேலே போகும், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கச்சான் கொறித்தபடி ஏறுவார்கள். ஐஸ்பழக்காரர் சைக்கிளில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறுவார். மாடு ஏறும், ஆடு ஏறும். மாமாவின் மொறிஸ் மைனர் மட்டும் ஏறாது.

அந்தக் கார் மாமாவை விட இரண்டு மூன்று வயதுதான் இளையது. அதன் எஞ்சினில் இருந்த பலத்தை எல்லாம் முன்பு வைத்திருந்தவர்களே ஓடித் தீர்த்துவிட்டார்கள். சமதரையில் ஓடும். ஏற்றத்தைக் கண்டால் இருமும், விக்கும், நின்றுவிடும். ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் ஒரு சூட்சுமம் இருந்தது. மற்ற எல்லாக் கியரையும் விடப் பின்கியருக்கு இழுவை கூடுதல். மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அடிவாரத்தில் காரை நிறுத்துவார். முன்னும் பின்னுமாக மூன்று தரம் எடுத்துத் திருப்புவார். இப்போது காரின் முகம் கடலைப் பார்க்கும், முதுகு மலையைப் பார்க்கும். பின்கியரைப் போட்டு, அக்சிலேற்றரைத் தரையில் முட்டும்வரை மிதிப்பார். கார் ஒரு பெருமூச்சு விட்டு, நத்தை போல மேலே நகரத் தொடங்கும். றிவேர்ஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அங்கே அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வீடு தேடி வந்தால், பக்கத்து வீட்டுக்காரரே அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணம் செய்யாதவர். எங்கள் தெருவிலேயே இருந்த வீட்டில் அவரும் காரும்தான்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உட்துறைமுகக் கரையில் நிஸ்தார் நானாவின் பட்டறையில் படகு எஞ்சின் திருத்துகிறேன். கதை எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் இந்தக் கதையில் பிழை விட்டவன் நான்தான், அதனால் நானே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மாமாவிடம் சில சட்டங்கள் இருந்தன. காலையில் எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் திறப்பதற்கு முன் விரலால் மூன்று தட்டுத் தட்டுவார். ஏன் என்று கேட்டால், இரவில் உள்ளே யார் வந்து படுத்திருக்கிறார்களோ தெரியாது, சொல்லாமல் கொள்ளாமல் திறப்பது மரியாதை இல்லை என்பார். பகிடி இல்லை. ஒருமுறை பூனை குட்டி போட்டிருந்தது. பூனைக்குட்டிகள் கண் திறந்து வெளியேறும்வரை மாமா மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், பஸ்ஸில் போனார்.

அடுத்தது பாரச் சட்டம். சமதரையில் யாரையும் ஏற்றுவார். அடிவாரம் வந்ததும் பெரியவர்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் பைகளும் மட்டும் காரில் போகலாம். இறங்கினவர்கள் காருக்குப் பக்கத்தில் நடந்தபடி கதையைத் தொடரலாம், அதற்குத் தடை இல்லை. என் மனைவி ஒருநாள் சந்தையில் இருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்தபோது மாமா வழியில் கண்டு ஏற்றினார். அடிவாரத்தில் பலாப்பழம் காரிலேயே இருந்தது, மனைவி இறங்கினாள். நடந்து வந்தவள் வீட்டைத் திறந்து, அடுப்பை மூட்டி, தேத்தண்ணி ஊற்றி முடித்த பிறகுதான் பலாப்பழம் வந்து சேர்ந்தது.

புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ்காரர் ஒருவர் நடுமலையில் காரை மறித்தார். மறிப்பதற்கு அவர் ஓட வேண்டியிருக்கவில்லை, சும்மா நடந்தே முன்னுக்குப் போனார். ஏன் இப்படிப் பின்னால் போகிறீர் என்று கேட்டார். மாமா கண்ணாடியை இறக்கி, மிகப் பணிவாகச் சொன்னார்:

"ஐயா, நான் சரியான பக்கம்தான் போறன். கார்தான் மற்றப் பக்கம் பாக்குது."

பொலிஸ்காரர் சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நின்றுபோன காரை மேலே தள்ளி விட்டுப் போனார். அடுத்த கிழமையில் இருந்து அவரே ஏற்றத்தில் மற்ற வாகனங்களை ஒதுக்கி மாமாவுக்கு வழி விட்டார்.

என்னுடைய பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டி வந்தவர் மாமாதான். மகள் சுபாவுக்கு அப்போது ஏழு வயது, மகன் கண்ணனுக்கு ஐந்து. நாங்கள் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் ஏற்றினார், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஏற்றத்தில் பிள்ளைகளுக்கு உத்தியோகம் இருந்தது. பின்சீட்டில் முழங்காலில் நின்று, பின்கண்ணாடியால் பார்த்து, மாமாவுக்கு வழி சொல்ல வேண்டும். "மாமா, மாடு." "மாமா, மாடு போகுது." "மாமா, மாடு திரும்பி வருது." இப்படி மேலே வரும்வரை அறிக்கை வாசிப்பார்கள். இறங்கியதும் மாமா இரண்டு பேருக்கும் கை கொடுத்து, இன்றைக்கு நல்ல வேலை என்று சொல்லித்தான் அனுப்புவார்.

ஒருநாள் மகள் அழுதுகொண்டு வந்தாள். கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில எல்லாரும் சிரிக்கினம், அப்பா. மாமாவின்ர கார் பின்னால போகுதெண்டு."

அதற்குமேல் விக்கல் வந்து அவளால் கதைக்க முடியவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பட்டறையிலும் ஏற்கெனவே என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் திருத்துகிறவனின் பிள்ளைகள், ஊரில் மலை ஏற ஏலாத எஞ்சினில் போகிறார்கள் என்று. அன்று பின்னேரமே மாமாவிடம் போனேன்.

நிஸ்தார் நானாவிடம் அப்போது ஒரு யப்பான் கார் எஞ்சின் இருந்தது. நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தில் மரம் விழுந்து கார் பாதியாகிவிட்டது, முன்பக்கத்தில் எஞ்சின் மட்டும் புது மாப்பிள்ளை போல இருந்தது. அதை மொறிஸில் பூட்டலாம், கூலி வேண்டாம், எல்லாம் நான் செய்து தருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். நிறையச் சொன்னேன். மாமா குனிந்து காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில்தான், பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை அழுகிறாள் என்பதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை அழுதவளோ?"

"ஓம் மாமா."

"அப்ப செய்வம்," என்றார். பிறகு காரின் பொனற்றைத் தடவிக்கொண்டு, "பழசை எறியக் கூடாது, தம்பி. எங்கயாவது ஒரு மூலையில இருக்கட்டும்," என்றார்.

நான் ஓம் என்றேன்.

பழைய எஞ்சினைக் கழற்ற ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது. புதியதைப் பூட்ட மூன்று கிழமை எடுத்தது. பழையது இருந்த இடத்தில் புதியது இருக்க மாட்டேன் என்றது. அதற்குப் புதிதாகக் கால் வெட்டி ஒட்டினோம். அதனுடைய கியர்ப்பெட்டி பெரிது, ஆகவே காரின் அடித்தகட்டை வெட்டினோம். பின்சில்லைச் சுழற்றும் இரும்புத்தண்டு நீளம், அதையும் வெட்டினோம். பற்றறி வைக்க முன்பக்கத்தில் இடம் இல்லை, பின்னால் பைகள் வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். எல்லாம் முடிந்து பொனற்றை மூடினால் நாலு விரல் அளவு மூடவில்லை. வலை இழுக்கும் நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். பல்லுக் கொதியில் தாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது என்று நானா சொன்னார்.

அந்த மூன்று கிழமையும் மாமா தினம் வந்தார், ஆசுபத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் போல. ஆனால் புது எஞ்சின் பக்கம் போக மாட்டார். மூலையில் கிடந்த பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். போகும்போது அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

வேலை முடிந்தது ஒரு வியாழக்கிழமை. நானா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, பழசு கழுதை. இது குதிரை. மாமாவை ரெண்டு நாள் நிலாவெளி றோட்டில கொண்டுபோய் ஓடப் பழக்கிப்போட்டு, மறுகா திறப்பைக் குடு."

நல்ல புத்தி. ஆனால் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. ஊரெல்லாம் பார்க்க, கார் முன்பக்கமாக மலை ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. சனி ஞாயிறில் பழக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வியாழக்கிழமை இன்னொன்றும் நடந்தது. இலங்கைத்துறையில் இருந்து வந்து எங்கள் கரையில் தொழில் செய்கிற ஒரு வள்ளக்காரர் பட்டறைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் வள்ளத்தைக் கட்டி நிறுத்துவதற்குக் கடலுக்கு அடியில் ஒரு பாரம் போட்டு வைப்பார்கள். கல்லைப் போட்டால் கயிறு நழுவும். பழைய எஞ்சின் என்றால் ஓட்டைக்குள்ளால் கயிற்றைக் கோர்த்து இறுக்கலாம், எந்தக் காற்றுக்கும் அசையாது. உட்துறைமுகத்தில் அப்படி எத்தனையோ எஞ்சின்கள் கிடக்கின்றன. அவர் மூலையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார். இடம் அடைத்துக்கொண்டுதானே கிடக்கிறது, மாமா புதுக் காரில் ஒரு நாள் ஏறினால் இதை மறந்துவிடுவார் என்று எண்ணினேன். கொடுத்துவிட்டேன். அவர் சந்தோசத்துக்கு ஒரு பெரிய பாரை மீன் தந்தார்.

மீனைக் குழம்பு வைத்தோம். மனைவி வழக்கம்போல மாமாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். மாமா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு தானே வந்தார். "நல்ல ருசி, தம்பி. எங்க வாங்கினது?" என்று கேட்டார். தெரிந்த ஆள் தந்தது என்றேன்.

அன்றிரவே காரை மேலே கொண்டுபோய் விட்டு, வெள்ளிக்கிழமை காலையில் மாமாவின் கையில் கார்த் திறப்பைக் கொடுத்தேன். இறக்கத்தில் அக்சிலேற்றருக்கு வேலை இல்லை, ஆகவே மாமா மெதுவாகத்தான் போனார். பள்ளிக்கூடம் வரையும் சனக்கூட்டம், அங்கேயும் மெதுவாகத்தான். மத்தியானம் திரும்பி வருகிற நேரத்துக்கு நானும் மனைவியும் மாமாவின் வீட்டு வாசல் படலையில் நின்றோம். செய்தி பரவி, தெருவில் பாதிப் பேர் வெளியில் வந்து நின்றார்கள். தூரத்தில் கீழே கார் வந்து நிற்பது தெரிந்தது.

நின்ற கார், முன்னும் பின்னுமாக மூன்று தரம் எடுத்துத் திரும்பியது.

பிள்ளைகளே, புது எஞ்சின் முன்பக்கமாகவே ஏறும். அதற்காகத்தான் அத்தனை வெட்டும் அத்தனை ஒட்டும். ஆனால் முப்பது வருடப் பழக்கம் எஞ்சினுக்குள் இருக்கவில்லை. அது மாமாவின் கையிலும் காலிலும் இருந்தது. அதை நாங்கள் கழற்றவில்லை. அவர் பின்கியரைப் போட்டார். அக்சிலேற்றரைத் தரையில் முட்டும்வரை மிதித்தார்.

கார் நத்தை போல வரவில்லை. சீன வெடியின் வாலில் நெருப்பு வைத்தது போல வந்தது. ஐஸ்பழக்காரர் சைக்கிளோடு வேலிக்குள் பாய்ந்தார். மூன்று கோழிகள் வாழ்க்கையில் முதல்தரம் பறந்தன. ஒரு தாய் ஆடு தன் குட்டியை மறந்து மதிலில் ஏறியது. கார் மாமாவின் படலையைத் தாண்டியது. எங்களையும் தாண்டியது. தாண்டும்போது பக்கக் கண்ணாடிக்குள் என் இரண்டு பிள்ளைகளின் முகமும் ஒரு கணம் தெரிந்தது. மகன் எனக்குக் கை காட்டிக்கொண்டு போனான். அதற்கு மேலே நாலு வீடு தள்ளி, எழுத்தர்கள் வேலை பார்க்கிற ஒரு கந்தோரின் மதில். கார் அதில் மோதி, மதிலைச் சாய்த்து, பூச்சாடிகளுக்கு நடுவில் நின்றது.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் சீட்டுக்குக் கீழே உருண்டு கிடந்தார்கள். ஒரு கீறலும் இல்லை. மகன் எழும்பி, இன்னொருதரம் போவோமா என்று கேட்டான். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"பிள்ளையளை எண்ணுங்கோ, தம்பி," என்றார்.

"ரெண்டு பேரும் இருக்கினம், மாமா."

"எண்ணிச் சொல்லுங்கோ."

"ஒண்டு. ரெண்டு."

"இன்னொருக்கா."

நான் திரும்ப எண்ணினேன். நாலு தரம் எண்ணிய பிறகுதான் அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார்.

ஆசுபத்திரியில் மாமாவின் கழுத்துக்கு ஒரு பட்டி போட்டு விட்டார்கள். ஒரு மாதம் மாமா காரின் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் போய்க் கூப்பிட்டால், நடந்து போங்கோ ராசா, அதுதான் உடம்புக்கு நல்லது என்று அனுப்பிவிடுவார். பிறகு ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, பழசைத் திருப்பிப் பூட்டித் தருவீங்களோ?"

ஏன் மாமா, பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

"இந்தப் புதுசு நான் என்ன சொன்னாலும் கேக்குது. பிழையாச் சொன்னாலும் கேக்குது. பழசு அப்பிடி இல்லை. நான் பத்துச் சொன்னா ஒண்டைத்தான் கேக்கும். அதுக்குப் பிழை செய்யிற பெலன் இல்லை, தம்பி. பிள்ளையளை ஏத்திறதெண்டா எனக்கு அதுதான் வேணும்."

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிறீஸ் பூசிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இந்தக் கிழமை வேலை கூடுதல், அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். இப்படி மூன்று கிழமை சொன்னேன். நாலாம் கிழமை மாமா பட்டறைக்கே வந்துவிட்டார். மூலையைப் பார்த்தார். அவர் கவிழ்த்துப் போட்டு இருந்த பெட்டி மட்டும் அங்கே கிடந்தது. நானா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்த வள்ளம்?"

காட்டினேன். கரையில் இருந்து பார்க்கத் தெரிகிற நீல வள்ளம்.

அன்றையில் இருந்து மாமா பின்னேரங்களில் கரைக்கு வந்து, அந்த நீல வள்ளத்தைப் பார்த்தபடி இருக்கத் தொடங்கினார். கழுத்துப் பட்டியோடு ஒரு மனிதர் தினமும் தன் வள்ளத்தையே உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? இலங்கைத்துறைக்காரர் வேலைக்குப் போகாமல் என்னிடம் ஓடி வந்தார். அந்த ஐயா சூனியம் ஏதும் செய்கிறாரோ என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. எடுத்துத் தருகிறேன், எனக்கு வேறு பாரம் கிடைக்கும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். வள்ளக்காரர் முங்கிக் கயிறு கட்ட, நாலு பேர் இழுத்தோம். எஞ்சின் வெளியில் வந்தபோது அதை எஞ்சின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உப்பில் ஊறி, பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, ஏதோ கடற்பிராணி போல இருந்தது. இனி அது ஒருநாளும் ஓடாது என்பது எனக்குக் கண்டவுடனேயே தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் மணலில் முழங்காலில் இருந்து, விரலால் மூன்று தட்டுத் தட்டினார். ஒரு ஓட்டைக்குள் இருந்து ஒரு நண்டு ஒற்றைக் காலை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்ததற்குள் சின்ன மீன் ஒன்று தேங்கின தண்ணீரில் துடித்தது.

நாங்கள் ஐந்து பேரும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். மாமா எழும்பி மணலைத் தட்டினார்.

"ஆக்கள் குடியிருக்கினம்," என்றார். "சாகமுன்னம் திருப்பிக் கொண்டுபோய் இறக்கிவிடுங்கோ."

இறக்கிவிட்டோம். அடுத்த மாதமே மாமா வீட்டை மூடிக்கொண்டு கட்டைபறிச்சானில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். கார் இப்போதும் எங்கள் பட்டறையின் பின்பக்கம், மழைக்குப் போர்த்த தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. புது எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் ஒரு புதுப் பற்றறியைப் பூட்டித் திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் வரும். திருப்புவதற்குத்தான் எனக்கு மனம் வருவதில்லை.

நான் இடைக்கிடை கட்டைபறிச்சானுக்குப் போய் வருவேன். பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோவேன். மாமா அன்பாகத்தான் கதைப்பார். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்பார். ஆனால் நான் ஒருநாளும் அவருக்கு நேர் முன்னால் இருந்ததில்லை, பக்கத்தில்தான் இருப்பேன். மதிலில் மோதிய நாளில் இருந்து அவருக்குக் கழுத்துத் திரும்பாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

இப்படிப் பதினொரு வருடம் போய்விட்டது. மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, போன மாதம், மாமாவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். நானும் பிள்ளைகள் இரண்டு பேருமாகக் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனோம். மாமா விறாந்தையில் வாசற்படிக்கு முதுகு காட்டி இருந்தார். மகள் நேரே போய் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிற பாவனையில் நின்றேன்.

அவர்கள் மாட்டைப் பற்றிக் கதைத்தார்கள், மதிலைப் பற்றிக் கதைத்தார்கள். மகன், தான் கை காட்டிக்கொண்டு போனதைச் சொல்லிச் சிரித்தான். அப்போது மாமா மகளிடம் சொன்னார், நீ அழுதாய் என்று அப்பா சொன்னார், அதற்காகத்தான் புது எஞ்சினுக்கு ஓம் என்றேன், உன்னை நான் சிரிக்க வைத்திருக்க வேண்டும், மதிலில் கொண்டுபோய் இடித்துவிட்டேன் என்று.

மகள் ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, நான் காருக்காக அழேல்லை. பெடியள் உங்களை விசர் பிடிச்ச மாமா எண்டு சொல்லிச் சிரிச்சவங்கள். அதுக்குத்தான் அழுதனான். எனக்கு அந்தக் கார்தான் விருப்பம். நாங்கள் வழி சொல்லாட்டி அது போகாதெல்லோ."

மாமா மகனின் பிடியில் இருந்து கையை எடுத்துக் கழுத்தைத் தடவினார்.

"அப்ப அந்த எஞ்சின் ஆருக்காகப் போட்டது?" என்று மாமா கேட்டார்.

பதில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. பதினொரு வருடமாக எனக்கே சொல்லாமல் வைத்திருந்ததை நான் அந்த இடத்தில் சொன்னேன்.

"எனக்காகத்தான், மாமா. பட்டறையில பகிடி பண்ணினவை. எனக்குத்தான் வெக்கமா இருந்தது. பிள்ளையிட்டயும் மிச்சம் கேக்கேல்லை, உங்களிட்டயும் கேக்கேல்லை."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்தலைதான் தெரிந்தது. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். மகள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவரும் சிரிக்கிறார் என்று விளங்கியது. சிரிக்கச் சிரிக்கக் கழுத்து நொந்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாசலில நிண்டு சொல்லுற கதையே இது? உள்ள வாங்கோ, தம்பி," என்றார்.

நான் படியேறினேன். அவருக்குக் கழுத்துத் திரும்பாது. அதனால் எழும்பி, கதிரையைத் தூக்கி, என் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி அதில் இருந்தார்.